விபத்தின் அதிர்ச்சி மனநோயாகாமல் அமுக்கரா தடுக்குமா?

கேள்வி: பத்து நாட்களுக்கு முன், நாங்கள் கோயிலுக்குப் போய்த் திரும்பிய வேன் லாரியில் மோதியதில், என் 26 வயது மகளின் தோழி அவள் கண்ணெதிரே இறந்துவிட்டாள். மகளுக்கு மணிக்கட்டில் மட்டும் எலும்பு முறிவு. ஆனால் இரவில் தூங்குவதில்லை. தெருவில் லாரி ஹார்ன் கேட்டாலே பதறி எழுந்து உட்காருகிறாள். இது பி.டி.எஸ்.டி. என்ற நோயாக மாறிவிடக் கூடாதென்று நாட்டு மருந்துக் கடையில் அமுக்கரா சூரணம் வாங்கிப் பாலில் கலந்து கொடுக்கிறேன். அஸ்வகந்தா, வல்லாரை மாத்திரைகளையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். தைராய்டு குறைவுக்கு அவள் தினமும் மாத்திரை சாப்பிடுகிறாள். கொடுக்கலாமா?

பதில்: பெற்ற மகள் இரவெல்லாம் விழித்துக் கிடக்கும்போது எதையாவது செய்தாக வேண்டும் என்று ஒரு தாய்க்குத் தோன்றுவது இயல்பு. ஆனாலும் சூரணத்தை இன்றே நிறுத்திவிடுங்கள், மாத்திரைகளும் வேண்டாம். பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோயை (பி.டி.எஸ்.டி.) முன்கூட்டியே தடுக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மூலிகை இதுவரை எதுவும் இல்லை. அதைவிட முக்கியமாக, உங்கள் மகளைப் பொறுத்தவரை அமுக்கரா தீங்காகவும் முடியலாம்.

அமுக்கராவும் அஸ்வகந்தாவும் ஒரே செடிதான் என்பதால், சூரணத்துடன் மாத்திரையும் சேர்ந்தால் ஒரே மருந்தை இரண்டு மடங்காகக் கொடுப்பதாகிவிடும். அது தைராய்டு ஹார்மோனின் அளவை உயர்த்தக்கூடியது. ஏற்கெனவே அந்த ஹார்மோனை மாத்திரையாக எடுத்துக்கொள்ளும் ஒருவருக்கு அளவு கூடினால் படபடப்பு, கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை ஆகியவை வரும். இவை அனைத்தும் அதிர்ச்சியின் அறிகுறிகளைப் போலவே இருப்பதால், மருந்தால் வந்த படபடப்பை மனநோய் முற்றிவிட்டதாக எண்ணி நீங்கள் இன்னும் கூடுதலாகக் கொடுக்க நேரிடும். இதைத் தவிர, அஸ்வகந்தாவால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் பல நாடுகளிலிருந்து வந்துள்ளன. டென்மார்க் 2023-இல் அதைத் தடையே செய்தது. கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாகப் போவது, காரணமில்லாமல் உடல் அரிப்பது ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மணிக்கட்டுக்கு அறுவைச் சிகிச்சை செய்வதாக இருந்தால், இத்தனை நாள் சூரணம் கொடுத்ததை மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அன்றாட மன இறுக்கத்தை அஸ்வகந்தா ஓரளவு தணிப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் கூறுவது உண்மைதான். ஆனால் அலுவலக நெருக்கடியும், கண்ணெதிரே ஒரு மரணத்தைப் பார்த்த அதிர்ச்சியும் ஒன்றல்ல. மன இறுக்கத்தின்போது உடலில் சுரக்கும் ஹார்மோனான ‘கார்டிசாலைக் குறைக்கும்’ என்று விளம்பரங்கள் பெருமையாகச் சொல்கின்றன. ஆனால் அதிர்ச்சி நடந்த முதல் சில மணி நேரத்துக்குள் கார்டிசால் வகை மருந்தை மருத்துவமனையில் கொடுத்துப் பார்த்த சில ஆய்வுகளில், அதனால் நோய் குறைவதற்கான அறிகுறியே தென்பட்டது. ஆகவே கார்டிசால் குறைந்தால் நல்லது என்ற கணக்கு இங்கே அவ்வளவு எளிதாகப் பொருந்தாது. வல்லாரைக்கும் இந்த நோயைத் தடுப்பதற்கான சான்று இல்லை. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பை, விபத்தில் பலத்த காயமடைந்தவர்களுக்குக் கொடுத்து ஜப்பானில் முறையாகச் சோதித்தார்கள். வெற்று மாத்திரையைவிட அது மேலானதாக இல்லை என்று 2015-இல் முடிவு வெளியானது.

பிறகு ஏன் பலரும் ‘எங்களுக்குக் கேட்டது’ என்கிறார்கள்? இப்படிப்பட்ட அதிர்ச்சிக்குப் பின் முதல் சில வாரங்களில் தூக்கமின்மை, திடுக்கிடல், காட்சி திரும்பத் திரும்பக் கண்முன் வருதல் ஆகியவை பெரும்பாலோருக்கு இருக்கும். பெரும்பாலோருக்கு அவை தாமாகவே தணிந்தும் விடும். அந்த நாட்களில் எதைக் கொடுத்திருந்தாலும் அது கேட்டதைப் போலத்தான் தோன்றும். அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் பி.டி.எஸ்.டி. என்று பெயரிடுகிறோம். பத்தாவது நாளில் உங்கள் மகள் பி.டி.எஸ்.டி. நோயாளி அல்லள்; உலுக்கப்பட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

இப்போது அவளுக்குத் தேவை பாதுகாப்பு உணர்வும் உடன் ஓர் ஆளும்தான். முடிந்தால் சில நாட்களுக்குத் தெருப்பக்கம் இல்லாத அறையில் படுக்க வையுங்கள். பதறி எழும்போது “ஒன்றுமில்லை, படு” என்று அடக்காமல், “நீ வீட்டில்தான் இருக்கிறாய், நான் பக்கத்தில் இருக்கிறேன்” என்று மெதுவாகச் சொல்லுங்கள். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் “எப்படி நடந்தது?” என்று கேட்டு அவள் வாயால் சொல்ல வைப்பதைத் தயவுசெய்து தடுத்துவிடுங்கள், அவளாகப் பேச விரும்பினால் கேளுங்கள், வற்புறுத்திப் பேச வைப்பது நன்மை தருவதில்லை. நீங்களும் அதே வேனில் வந்தவர்தாம்; உங்கள் தூக்கத்தையும் சேர்த்தே கவனித்துக்கொள்ளுங்கள். கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். டயசெபம், அல்பிரசோலம் வகை மாத்திரைகளை முதல் மாதத்தில் இதற்காகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இலேயே அறிவுறுத்தியது.

ஒரு மாதம் கழிந்தும் இதே நிலை நீடித்தாலோ, அதற்கு முன்பே சாப்பிடவும் குளிக்கவும் இயலாத அளவுக்கு அவள் ஒடுங்கிவிட்டாலோ மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதிர்ச்சியை மையமாக வைத்த பேச்சுச் சிகிச்சை நன்றாகப் பலன் தரும். “நானும் போயிருக்கலாம்” என்பதைப் போல ஒரு சொல் வந்தால் அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள். இரவானால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். தைராய்டு ரத்தப் பரிசோதனையை எப்போது செய்வது என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை தைராய்டு மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம். இரவுப் பாலைச் சூரணம் இல்லாமல் வழக்கம்போல் கொடுங்கள்.