தம்பியைக் கொழும்புக்கு அனுப்பினால் கிரிக்கெட் கெடுமா?

அனுப்புங்கள் அண்ணா, ஆனால் அணியில் பந்துவீச இடம் கிடைக்குமா என்று பார்த்த பிறகு. கிளிநொச்சியில் வேகப்பந்து வீசும் தம்பிக்குக் கொழும்பில் படிப்புக்குப் பேர்போன கல்லூரியில் உயர்தரத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது, தொழில்முறை ஆட்டக்காரனாகும் கனவு கெடுமா என்று கேட்டிருந்தீர்கள்.

படிப்பு கெடுக்காது. சங்கக்கார கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கும்போதே 2000இல் இலங்கை அணிக்கு வந்தார். ஹார்வர்டில் படித்த கூடைப்பந்து வீரர் ஜெரமி லினை 2010இல் என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரின் எந்த அணியும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் 2012இல் நியூயோர்க் அணிக்காக ஆடி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார்.

கெடுப்பது நேரம். கணிதப் பிரிவென்றால் பின்னேரமும் சனி ஞாயிறும் ரியூசன். வலைப்பயிற்சியும் அதே நேரத்தில்தான் வரும். அப்புறம், சின்ன வயதிலிருந்தே சேர்ந்து ஆடும் பையன்களுக்கு நடுவில் இவன் புதியவன்.

ஒரு பின்னேரம் நேரே போய்ப் பயிற்சியைப் பாருங்கள். பயிற்றுநரிடம் இதை மட்டும் கேளுங்கள்: உயர்தரத்துக்கு வெளியிலிருந்து வந்த எத்தனை பேர் முதல் பதினொருவரில் ஆடினார்கள்? அவர் பெயர் சொல்லத் தடுமாறினால் அவசரப்படாதீர்கள்.

ஒன்று கவனம்: 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் அவனுக்கு எத்தனை பருவம் மிச்சம் என்று எண்ணுங்கள். ஒன்றுதான் என்றால், இப்போது ஆடும் அணியிலேயே அதை முழுதாக ஆடட்டும்.