டியூப் ஆம்பில் ஒரு மாதம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

புது டியூப் ஹெட்போன் ஆம்ப் (பழைய ரேடியோக்களில் இருந்த மாதிரி கண்ணாடி வால்வுகளால் ஹெட்போனுக்கு ஒலியைப் பெருக்கும் பெட்டி) வந்து ஒரு மாதம் ஆகிறது. உள்ளே இரண்டு டியூப்: ஒரு 6எஸ்என்7, ஒரு பெரிய 6ஏஎஸ்7ஜி. வெளியீட்டில் டிரான்ஸ்பார்மர் இல்லாத ஓடிஎல் வகை. அளந்து பார்த்ததில் வெளியீட்டு இம்பீடன்ஸ் (மின்சாரம் வெளியே போகும் வழியில் ஆம்ப் தானே காட்டும் தடை) 100 ஓம் பக்கம் வந்தது. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், திரும்பத் திரும்ப வரும். கேட்டது பெரும்பாலும் 300 ஓம் சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போனில். ஒப்பிட வைத்தது ஒரு சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்.

கே: டியூப் என்றாலே "இனிமை" என்கிறார்கள். அந்த இனிமை எங்கிருந்து வருகிறது?

ப: தவறிலிருந்து வருகிறது! டிரையோடு (இந்த டியூப்களின் வகை) கொடுக்கும் டிஸ்டார்ஷனில், அதாவது ஒலித் திரிபில், பெரும்பங்கு இரண்டாம் ஹார்மானிக் (மூல ஒலியின் இரு மடங்கு அதிர்வெண்). அதாவது ஸட்ஜம் பாடினால் மேல் ஸ்தாயி ஸட்ஜம் மெல்லிசாகக் கூடவே ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது ஹார்மானிக் மேல் பஞ்சமம். ஐந்தாவது அதற்கும் மேலே அந்தர காந்தாரம். தம்புராவைக் கூர்ந்து கேட்டவர்களுக்கு அந்தக் காந்தாரம் பழக்கமானதுதான். ஏழாவதுதான் எந்த ஸ்வரத்திலும் ஒழுங்காக உட்காராது. நல்ல டியூப் ஆம்ப் அதுவரை அதிகம் போவதில்லை. அதனால் காதுக்கு அது தவறாகத் தெரிவதில்லை, உடம்பு கூடிய குரலாகத் தெரிகிறது.

கே: அப்படியானால் கர்நாடக சங்கீதத்துக்குப் பொருத்தம் என்று சொல்லலாமா?

ப: குரலுக்கும் வீணைக்கும் தாராளமாகச் சொல்லலாம். ஒரு பெண் குரல் பதிவில் "ச", "ஸ" வரும் இடமெல்லாம் டிரான்சிஸ்டர் ஆம்பில் கொஞ்சம் கீறும். இதில் கீறல் மழுங்கியிருந்தது. வீணையில் மீட்டு விழுந்த பிறகு கமகம் இழுபடும் அந்த நீளமான வால், அதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

மிருதங்கம் வேறு கதை. வலந்தலைச் சொற்கள் அழகு. தொப்பியில் (இடப்பக்கத்தில்) கும்கி, அதாவது வழுக்கி ஏறும் அடி, கொடுக்கும்போது ஒலி வளைந்து ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஒரு அடி தள்ளிப் போய் நிற்கிறது. சிலருக்கு அது பிடிக்கும். தனி ஆவர்த்தனத்தில் வேகமான கோர்வை வரும்போது எனக்குப் பிடிக்கவில்லை.

கே: ஏன் அப்படி? டியூப் மெதுவானதா?

ப: டியூப் மெதுவானது இல்லை. குற்றவாளி அந்த 100 ஓம். எச்டி 600 பெயருக்குத்தான் 300 ஓம். 100 ஹெர்ட்ஸ் பக்கம் அதன் இம்பீடன்ஸ் 500-ஐத் தாண்டும். கணக்குப் போடுங்கள்: 300-இல் ஆம்பின் மின்னழுத்தத்தில் முக்கால் பங்கு ஹெட்போனுக்குப் போகிறது, 500-இல் ஆறில் ஐந்து பங்கு. வித்தியாசம் ஒரு டெசிபலுக்குச் சற்றுக் கீழே. கூடவே, டயாபிரத்தை (ஹெட்போனுக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய படலத்தை) பிடித்து நிறுத்தும் மின் கடிவாளமும் தளர்கிறது. பேஸ் கொஞ்சம் தூக்கலாகவும் கொஞ்சம் தொளதொளவென்றும் வருவது இதனால்தான்.

கே: அண்ணா, நான் மெட்டல் மட்டும்தான் கேட்பேன். வாங்கலாமா?

ப: வேண்டாம் தம்பி. மேலே சொன்ன இனிமை ஒரு குரல், ஒரு கருவி இருக்கும்வரைதான். இரண்டு சுரங்கள் ஒன்றாகப் போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் கூடப் பிறக்கும். 440-உம் 500-உம் போனால் 940-உம் 60-உம் வந்து நிற்கும், யாரும் வாசிக்காத சுரங்கள். ஏற்கெனவே கரகரக்கும் இரண்டு கிட்டார், பேஸ், டபுள் கிக் (இரு கால்களாலும் மாறி மாறி உதைக்கும் டிரம்), சிம்பல் எல்லாம் ஒன்றாக இறங்கும்போது இந்தக் கலப்படம் ஒரு மெல்லிய திரை போல விழுகிறது. அளவில் சிறியதுதான், ஆனால் டபுள் கிக்கின் ஒவ்வொரு உதையும் தனித்தனியாக எண்ண முடியவில்லை. டிரான்சிஸ்டரில் எண்ண முடிந்தது.

கே: ஜாஸ், மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ரா, எலெக்ட்ரானிக்?

ப: சிறிய ஜாஸ் குழு, அதிலும் சாக்ஸபோன் முன்னால் நிற்கும் பதிவு என்றால் இதைவிட்டு எழ மனம் வராது. ஆர்க்கெஸ்ட்ராவில் தனி ஓபோ, செல்லோ அருமை. எல்லோரும் சேர்ந்து உச்சத்துக்குப் போகும்போது மெட்டலுக்குச் சொன்னதுதான். எலெக்ட்ரானிக் இசையில் பேஸ் உருண்டு திரண்டு வருகிறது. சரியா தவறா என்று சொல்ல அசல் ஒலி என்று ஒன்று இல்லையே.

கே: என்னிடம் 32 ஓம் பிளானர் (தட்டையான படலம் முழுதும் அதிரும் வகை) ஹெட்போன் இருக்கிறது. இதில் போடலாமா?

ப: போடலாம், பாடும். ஆனால் மின்னழுத்தத்தில் முக்கால் பங்கு ஆம்புக்குள்ளேயே தொலைந்துவிடும். பிளானரின் இம்பீடன்ஸ் ஏறக்குறைய நேர்கோடு என்பதால் பேஸ் தூக்கல் வராது. டியூபுக்கு மூச்சு முட்டுவது மட்டும் கேட்கும். பல டிரைவர் (ஒலி எழுப்பும் உறுப்பு) கொண்ட, காதுக்குள் செருகும் இன்-இயர் என்றால் யோசிக்கவே வேண்டாம், அதன் இம்பீடன்ஸ் மேடு பள்ளத்தில் ஒலியின் முகமே மாறிவிடும்.

கே: சார், இரண்டையும் ஒப்பிட்டபோது சத்தத்தைச் சமமாக வைத்தீர்களா?

ப: நல்ல கேள்வி. முதல் வாரம் வைக்கவில்லை. டியூப் எல்லாவற்றிலும் ஜெயித்தது! அப்புறம் 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஹெட்போனை மாட்டியபடியே மல்டிமீட்டரில் பார்த்தால், டியூப் பக்கம் சத்தம் கூடுதலாக இருந்தது. சமன் செய்ததும் பாதி மாயம் கலைந்தது. மேலே எழுதியிருப்பது மீதிப் பாதி.

கே: டியூபை மாற்றினால் ஒலி மாறுமா?

ப: ஓரளவு மாறும். விற்பவர்கள் சொல்லும் அளவுக்கு மாறாது. நான் வாங்கிய பழைய 6எஸ்என்7 ஒன்றின் கண்ணாடியைப் பென்சிலால் மெல்லத் தட்டினேன், காதுக்குள் கோயில் மணி மாதிரி "டிங்ங்". மைக்ரோபோனிக்ஸ் என்பது அதுதான். திருப்பி அனுப்பிவிட்டேன். பழைய டியூப் வாங்கும்போது கண்ணாடியின் உட்புற வெள்ளிப் பூச்சைப் பாருங்கள். பால் வெள்ளையாகியிருந்தால் காற்று உள்ளே போய்விட்டது. கால் அமைப்பு ஒன்றாக இருக்கிறதே என்று 6எஸ்எல்7-ஐச் செருகிவிடாதீர்கள். அதன் பெருக்கம் 70, இதற்கு 20. மாற்றும்போது மின்சாரத்தை நிறுத்தி, ஆறும்வரை பொறுங்கள். பெட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள். நிறுத்திய பிறகும் கெபாசிட்டர்கள் நூற்றுக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

கே: நாள் முழுக்கப் போட்டே வைக்கலாமா?

ப: வேண்டாம். இரண்டு டியூபின் ஹீட்டர்களுக்கு மட்டுமே கிட்டத்தட்ட 20 வாட், காதுக்குப் போவதோ சில மில்லிவாட். போட்டு பத்து நிமிடம் கழித்து ஹெட்போனை மாட்டுகிறேன், கேட்டு முடித்ததும் நிறுத்திவிடுகிறேன். அணைத்த பிறகு கண்ணாடியும் தகடும் ஆறும்போது "டிக்... டிக்..." என்று ஒரு சத்தம் வரும். பழுது என்று இருவர் கேட்டிருந்தீர்கள். பழுது இல்லை.