லெனினாகனும் கியூம்ரியும் ஒரே ஊரா?

தம்பி, பயப்படாதீர்கள். ஏஜென்ட் உங்களை வேறு ஊருக்கு அனுப்பவில்லை. ஆர்மேனியாவில் கியூம்ரி என்று சொல்லி வேலை கொடுத்தார்கள், டிக்கெட்டில் விமான நிலையக் குறியீடு எல்டபிள்யூஎன் என்று இருக்கிறது, வாடகைக்கு வீடு தரும் அம்மா அனுப்பிய சான்றிதழில் பிறந்த ஊர் லெனினாகன் என்று இருக்கிறது, இதெல்லாம் ஒரே இடம்தானா என்று கேட்டிருந்தீர்கள். ஒரே இடம்தான். லெனின் இறந்த 1924-இல் வைத்த பெயர் லெனினாகன். சோவியத் ஆட்சி போய், பெயரும் போய்விட்டது. அந்தக் குறியீட்டை மட்டும் யாரும் மாற்றவில்லை.

அதற்கு முன்னால் இது அலெக்சாண்ட்ரோபோல். 1837-இல் வந்துபோன ரஷ்ய ஜார் முதலாம் நிக்கலாய், தன் மனைவி அலெக்சாண்ட்ராவின் பெயரை வைத்தார். அதற்கும் முந்தைய பெயர் குமாய்ரி. 1990-இல் திரும்ப அதையே வைத்துப் பார்த்து, 1992-இல் கியூம்ரி என்று முடித்தார்கள்.

பெயர் மட்டுமல்ல, ஆட்களும் மாறிக்கொண்டே இருந்த ஊர் இது. இங்கே பல குடும்பங்களைக் கேட்டால், தாத்தாவின் தாத்தா இப்போது துருக்கியில் இருக்கும் கார்ஸிலிருந்து வந்தார், எர்சுரூமிலிருந்து வந்தார் என்பார்கள். 1829-இல் ரஷ்ய துருக்கிப் போர் முடிந்ததும் அந்தப் பக்கத்து ஆர்மேனியர்கள் எல்லை தாண்டி வந்தார்கள். துருக்கியர்களின் ஒட்டோமான் பேரரசில் ஆர்மேனியர்களைக் கொன்று குவித்த 1915 இனப்படுகொலைக்குப் பிறகு அகதிகள் வந்தார்கள். ரஷ்யப் படை விட்டுப்போன பாசறைகளில் அமெரிக்க நிவாரண அமைப்பு ஒன்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அநாதைக் குழந்தைகளை வைத்து வளர்த்தது. ஊரே ஓர் அநாதை விடுதி மாதிரி இருந்த காலம் அது.

அப்புறம் 1988 டிசம்பர் 7, காலை 11:41. பிள்ளைகள் பள்ளியில் இருந்த நேரத்தில் பூகம்பம். நாட்டின் வடபகுதியில் குறைந்தது 25,000 பேர் இறந்தார்கள். 1980-களில் 2 லட்சத்தைத் தாண்டியிருந்த ஊரில், 2022 கணக்கெடுப்பில் சுமார் 1 லட்சத்து 12 ஆயிரம் பேர்தான். பூகம்பத்தில் போனவர்கள் போக, வேலை தேடி ரஷ்யாவுக்குப் போனவர்களும் ஏராளம்.

என் பக்கத்து வீட்டுப் பாட்டி பேசுவதைக் கவனித்திருக்கிறேன். "லெனினாகனில் எங்கள் வீடு மூன்றாவது மாடி" என்பார். "கியூம்ரியில் டொமிக்கில் இருந்தோம்" என்பார். டொமிக் என்றால், பூகம்பத்துக்குப் பிறகு தற்காலிகமாகக் கொடுத்த தகரப் பெட்டி வீடு. இரண்டு வருடத்துக்கு என்று சொல்லிக் கொடுத்ததில் இவர் இருபது வருடம் இருந்திருக்கிறார். துருப்பிடித்த டொமிக்குகளை நீங்களும் பார்ப்பீர்கள். அவர் வாயில் அவை இரண்டு வேறு ஊர்கள், நடுவில் இருப்பது அந்த டிசம்பர். அதனால் உங்கள் வீட்டுக்கார அம்மா லெனினாகன் என்று சொன்னால் "இப்போது கியூம்ரிதானே" என்று திருத்தாதீர்கள். 88-இல் எங்கே இருந்தீர்கள் என்றும் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். படிவங்களில் மட்டும் கியூம்ரி என்றே எழுதுங்கள்.

குளிருக்கு நல்ல காலணி கொண்டுவாருங்கள். ஊர் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம்.

நீங்கள் எந்த ஊர் என்று கேட்பார்கள். சென்னை என்றால் முழிப்பார்கள். மதராஸ் என்று சொல்லிப் பாருங்கள். உலகின் முதல் ஆர்மேனியப் பத்திரிகை 'அஸ்தரார்' 1794-இல் அங்கேதான் அச்சானது. கொஞ்சம் படித்தவர்களுக்கு அது தெரியும். எனக்கு அந்தப் பழைய பெயருக்காகவே ஒரு காபி கூடுதலாகக் கிடைத்திருக்கிறது.