பக்கத்துக் கடையில் தீ, உடைந்தது என் ஷட்டர்: நட்ட ஈடு யாரிடம் கேட்பது?

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊரில் வாடகைக்குக் கடை நடத்துகிறேன். போன மாதம் இரவில் பக்கத்துக் கடையில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் பூட்டியிருந்த என் ஷட்டரை அறுத்து, பின்கதவையும் உடைத்துத் தண்ணீர் அடித்திருக்கிறார்கள். என் கடையில் தீயே இல்லை, ஆனால் சரக்கெல்லாம் நனைந்துவிட்டது. அவர்களிடம் நட்ட ஈடு கேட்கலாமா? வந்ததற்கு பில் அனுப்புவார்களா? பிறகு ஓர் அதிகாரி வந்து, மாடிப்படியில் பெட்டிகள் அடுக்கியிருப்பதைப் பார்த்து, அவற்றை அகற்றச் சொல்லி அமலாக்க நோட்டீஸ் கொடுத்துப் போனார். அது கைக்கு வந்து 12 நாளாகிறது. அவரை உள்ளே விட்டது தப்பா?

பதில்: கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அந்த நோட்டீஸ்தான் அவசரம். அதற்கு வருகிறேன். முதலில் ஷட்டர்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதை ஆள்வது 2004-ஆம் ஆண்டின் தீயணைப்பு, மீட்புச் சேவைகள் சட்டம். அதன் 44-வது பிரிவு, எழுத்துமூலம் அதிகாரம் பெற்ற வீரருக்கு மிக விரிவான உரிமை தருகிறது. தீப்பிடித்திருக்கிறது, அல்லது பிடிக்கப் போகிறது என்று அவர் நியாயமாக நம்பினால் போதும். தீயை அணைக்க, தடுக்க, உயிரையோ சொத்தையோ காக்கத் தேவை என்று நியாயமாக நம்பும் எதையும் அவர் செய்யலாம். உரிமையாளரின் சம்மதம் இல்லாமல், தேவைப்பட்டால் கதவை உடைத்தும் உள்ளே போகலாம், வண்டியை நகர்த்தலாம், சாலையை மூடலாம். தீ உங்கள் கடையில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. ஒட்டியிருக்கும் சுவர் வழியே தீ பரவாமல் தடுக்க உங்கள் கடைக்குள் போனது இதற்குள் அடங்கிவிடும். சரியான காரணமில்லாமல் அவர்களைத் தடுத்தால்தான் குற்றம்.

சரி, அப்படியென்றால் சேதத்தைப் பற்றி அவர்களுக்குக் கவலையே வேண்டாமா? அப்படியில்லை. தங்கள் நடவடிக்கையால் சொத்துக்கு வரும் சேதத்தைத் தடுக்கவோ குறைக்கவோ நியாயமான ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 7-வது பிரிவு தீயணைப்பு ஆணையத்தின் மேல் கடமை வைக்கிறது. ஆனால் அந்தக் கடமையை வைத்து வழக்கில் பணம் வாங்குவது கடினம். 1997-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சில வழக்குகளைச் சேர்த்து விசாரித்தது. லண்டன் வழக்கில் தீயணைப்புப் படை சரியாகச் சோதிக்காமல் திரும்பிவிட்டது, யார்க்‌ஷயர் வழக்கில் தீக்குழாய்களில் தண்ணீர் கிடைக்கவில்லை. இரண்டிலும் படைக்குப் பொறுப்பு இல்லை என்றார்கள். ஹாம்ப்ஷயர் வழக்கில் மட்டும் உரிமையாளர் வென்றார். அங்கே அதிகாரி ஒருவர் ஓடிக்கொண்டிருந்த ஸ்பிரிங்க்ளரை, அதாவது தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் கருவியை, நிறுத்தச் சொன்னதால் தீ பெருகியது. படை வந்து, கவனக்குறைவால் நிலைமையை முன்பிருந்ததைவிட மோசமாக்கினால்தான் வழக்கு நிற்கும். நீங்கள் எழுதியிருப்பதில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்த வழக்குக்குப் பணம் செலவழிக்காதீர்கள் என்பதே என் கருத்து.

பில் வராது. தீயை அணைப்பதற்குக் கட்டணம் வாங்க அவர்களுக்கு அதிகாரமே இல்லை.

பணம் வர வேண்டிய இடம் உங்கள் காப்பீடு. தீயணைக்க அடித்த தண்ணீரால் வந்த சேதத்தைப் பொதுவாகத் தீ சேதமாகவே எடுத்துக்கொள்வார்கள், பக்கத்துத் தீயாக இருந்தாலும். நனைந்த சரக்கை வீசுவதற்கு முன் படமெடுங்கள், கணக்கெழுதுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். ஏற்கெனவே ஒரு மாதம் போய்விட்டது, தாமதத்தைக் காரணம் காட்டி அவர்கள் கையை விரிக்க இடம் கொடுக்கக் கூடாது. ஷட்டரும் கதவும் யார் பொறுப்பு என்பது குத்தகைப் பத்திரத்தில் இருக்கும். பல இடங்களில் கட்டடக் காப்பீடு உரிமையாளர் பெயரில்தான் இருக்கும். நடந்ததைப் பற்றிய அறிக்கையைத் தீயணைப்பு ஆணையத்திடம் கேட்டு வாங்குங்கள்.

பக்கத்துக் கடைக்காரர் மேல் வழக்கா? தற்செயலாகப் பிடித்த தீக்கு யாரும் பொறுப்பில்லை என்று 1774-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. அவருடைய கவனக்குறைவை நீங்கள் நிரூபித்தால் மட்டுமே வழி உண்டு. அதற்கும் அந்த அறிக்கை உதவும்.

இனி நோட்டீஸ். தீ அணைந்த பிறகு அவர்களுடைய அதிகாரம் சுருங்கிவிடுகிறது. தீயின் காரணத்தை ஆராய வருபவர் வாரண்ட் இல்லாமல் பலவந்தமாக நுழைய முடியாது, யாராவது குடியிருக்கும் வீடானால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். உங்களிடம் வந்தவர் வேறு சட்டத்தின் கீழ் வந்தவர்: 2005-ஆம் ஆண்டின் தீப் பாதுகாப்பு ஆணை. அதன்படி, பலவந்தம் இல்லாதவரை அவர் கடைக்குள் வந்து பார்க்கலாம். அவரை உள்ளே விட்டது தப்பில்லை, விடாமல் தடுத்திருந்தால்தான் சிக்கல்.

நோட்டீஸை எதிர்க்க, அது கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். செய்தால் அமலாக்க நோட்டீஸ் மேல்முறையீடு முடியும்வரை நிறுத்தி வைக்கப்படும். இடத்தைப் பயன்படுத்தவே கூடாது என்னும் தடை நோட்டீஸாக இருந்தால், நீதிமன்றம் சொன்னாலொழிய நிற்காது. மீறினால் அபராதம் மட்டுமல்ல, 2 ஆண்டு வரை சிறையும் உண்டு. ஆனால் உங்கள் விஷயத்தில் எதிர்க்க என்ன இருக்கிறது? மாடியில் யாராவது தூங்குகிறார்கள் என்றால், அந்தப் படிதான் அவர்கள் வெளியே வரும் வழி. பெட்டிகளை இன்றே எடுங்கள். தீ அபாய மதிப்பீட்டை எழுத்தில் வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள், 2023 அக்டோபர் முதல் அதை முழுமையாக எழுதி வைப்பது சிறு கடைக்கும் கட்டாயம். இரண்டையும் செய்துவிட்டு அந்த அதிகாரிக்கு எழுதுங்கள், மறுபடி வந்து பார்க்கச் சொல்லுங்கள். நோட்டீஸில் வேறு ஏதாவது செய்ய முடியாத வேலை கேட்டிருந்தால் மட்டும், மீதமுள்ள 9 நாளுக்குள் அதன் நகலோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.