ஜப்பான் கடற்படையில் உயிரோடு இருந்த வீரனுக்கு ஏன் பதக்கம் இல்லை?

அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஆனர் மாதிரி இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் கடற்படைக்கு வீரப் பதக்கம் ஏதும் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். பசிபிக் போர் பற்றி ஏதாவது பார்த்துவிட்டு, இத்தனை சண்டை போட்டவர்கள் நெஞ்சில் ஒன்றுமே தொங்கவில்லையே என்று யோசித்திருப்பீர்கள் என நினைக்கிறேன்.

பதக்கம் இருந்தது. கின்ஷி குன்ஷோ, அதாவது தங்கப் பருந்து விருது. ஆனால் அந்தப் போரில் அது போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் செத்தவர்களுக்குத்தான்.

1890இல் மெய்ஜி பேரரசர் ஏற்படுத்திய விருது இது. முதல் பேரரசர் ஜிம்முவின் வில்லில் ஒரு தங்கப் பருந்து வந்து உட்கார்ந்து எதிரிகளின் கண்ணைக் கூச வைத்தது என்ற பழங்கதையிலிருந்து பெயர் வந்தது. மொத்தம் 7 நிலைகள். அதிகாரி, சாதாரண மாலுமி இருவருக்கும் உண்டு, ஆரம்பத்தில் கூடவே ஓய்வூதியமும் வந்தது. 1905இல் சுஷிமாவில் ரஷ்யக் கப்பற்படையை முறியடித்த அட்மிரல் டோகோ முதல் நிலை விருதை உயிரோடு இருந்து வாங்கியவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் கடற்படைத் தளபதியாக இருந்த யமமோட்டோவுக்கும் முதல் நிலைதான். ஆனால் 1943 ஏப்ரல் 18 அன்று அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்ட பிறகு.

நான் கப்பலில் எஞ்சினியராக இருந்தவன். 1998இல் எங்கள் கப்பல் யோகோஹாமாவில் நின்றபோது, ரயில் பிடித்து யோகோசுகா போய் டோகோவின் மிகாசா கப்பலைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வழியில் ஒரு பழம்பொருள் கடை. கண்ணாடிக்குள் ஒரு கறுப்புப் பெட்டி, அதில் 7ஆம் நிலைத் தங்கப் பருந்து. பேர்தான் தங்கம், கடைசி நிலை வெறும் வெள்ளி. இது யாருடையது என்று கேட்டேன். கடைக்காரப் பெரியவர் பதக்கத்தைப் பின்பக்கம் திருப்பிக் காட்டிக் கையை விரித்தார். பெயர் பொறிக்கவே இல்லை. பெயர் இருப்பது கூடவே கொடுக்கும் சான்றிதழில் மட்டும். அந்தக் காகிதம் எங்கேயோ போய்விட்டது. வாங்கிக்கொண்டேன், இன்னும் என் பீரோவில் இருக்கிறது. யாரோ ஒருவன் எங்கேயோ எதையோ செய்து வாங்கியது, யார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அன்றிலிருந்துதான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அந்தக் கடற்படை தனி ஆளின் சாதனையைப் பிரித்துப் பார்க்க விரும்பவில்லை. விமானி வீழ்த்திய விமானங்களைக்கூடப் படைப்பிரிவின் கணக்கில்தான் சேர்ப்பார்கள். நிஷிசாவா அவர்களுடைய தலைசிறந்த விமானிகளில் ஒருவர். 1943இல் வீரத்தைப் பாராட்டி ஒரு வாளைக் கொடுத்தார்கள், அதுவே அபூர்வம். 1944 அக்டோபரில் வேறொரு விமானத்தில் பயணியாகப் போகும்போது செத்தார், செத்த பிறகு பதவி உயர்வு வந்தது.

இதைப் படித்துவிட்டு ஜப்பான் ராணுவத்துக்குக் கொடி பிடிக்கிறான் என்று சிலர் வருவார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துப்போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தது எனக்கும் தெரியும். அதை நான் மறக்கவில்லை. இங்கே கேட்ட கேள்வி பதக்கத்தைப் பற்றியது, அதற்குப் பதில் சொல்கிறேன்.

எனக்கு ஆறாத விஷயம் சகாமகி கசுவோவுடையது. 1941இல் ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர் மீதான தாக்குதலுக்கு 5 குட்டி நீர்மூழ்கிகள் போயின, ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். ஒன்பது பேர் செத்தார்கள். 1942 மார்ச்சில் அந்த ஒன்பது பேரையும் போர்த் தெய்வங்கள் என்று அறிவித்து, இரண்டு படி பதவி உயர்வு கொடுத்து, படம் வரைந்து கொண்டாடினார்கள். பத்தாவது ஆள் சகாமகி. படகு தரைதட்டி, நீந்திக் கரையேறிப் பிடிபட்டார். படத்தில் அவர் இல்லை. 5 படகுக்கு 9 பேர் எப்படி என்று கணக்குப் போட்டவர்களுக்குப் பதிலும் இல்லை. போருக்குப் பிறகு டொயோட்டாவில் சேர்ந்து, பிரேசில் கிளைக்குத் தலைவராகி, 1999இல்தான் காலமானார். அவரும் அதே கடலில் அதே படகில் போனவர்தானே? உயிர் பிழைத்தது ஒரு குற்றமா?

இது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், எங்கள் கப்பலிலேயே நடந்திருக்கிறது. ஒரு நாள் ராத்திரி, எண்ணெயைச் சுத்தம் செய்யும் பியூரிஃபையர் அறையில் தீப்பிடித்தது. எண்ணெய் வால்வை வெளியிலிருந்து மூடும் கம்பி இறுகிவிட்டது. எங்கள் ஃபிட்டர் தூத்துக்குடிக்காரர், நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போய் வால்வைக் கையால் மூடினார். கப்பலில் 21 பேர் இருந்தோம். கம்பெனியின் செய்தி மடலில் "குழுவின் சிறப்பான ஒத்துழைப்பால் தீ அணைக்கப்பட்டது" என்று ஒரு வரி போட்டார்கள். அண்ணாச்சி பெயர் இல்லை. கை வெந்ததால் அடுத்த துறைமுகத்திலேயே இறக்கி ஊருக்கு அனுப்பினார்கள், மறுபடி கூப்பிடவில்லை. அவர் உள்ளேயே செத்திருந்தால் ஆபீஸில் படம் மாட்டி மாலை போட்டிருப்பார்கள், இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1944 டிசம்பரில் ஜப்பான் தரைப்படை, உயிரோடு இருப்பவர்களுக்கும் கொடுக்கலாம் என்று புகோஷோ என்ற வீரச் சின்னத்தைக் கொண்டுவந்தது. கடற்படை அப்படி ஒன்றைக் கடைசிவரை கொண்டுவரவில்லை. தங்கப் பருந்தும் 1947இல் ஒழிக்கப்பட்டது.