திருகோணமலையில் மேல்மாடிச் சிலாப்புக்கு நிலக்கரிச் சாம்பல் போடலாமா?

கருங்கல் சல்லிக்குப் பதிலாக நிலக்கரிச் சாம்பலைப் போட்டு மேல்மாடிச் சிலாப்பின் பாரத்தைக் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிலாப்புக்கு வேண்டாம். அதன்மேல் எழுப்பும் அறைச்சுவர்களுக்குத் தாராளமாகப் போடுங்கள். திருகோணமலையில் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பாரம் குறையும் என்பது உண்மைதான். சாதாரண கொங்கிறீட் ஒரு கனமீட்டர் ஏறக்குறைய 2400 கிலோ. பிளை ஆஷை (நிலக்கரி எரியும்போது புகையோடு போகும் நுண்ணிய சாம்பலை) உருண்டையாக்கி 1100 பாகை செல்சியஸ் அளவில் சுட்டெடுத்த சல்லி போட்டால் 1800 வரை இறக்கலாம். 5 அங்குலச் சிலாப்பில் சதுர மீட்டருக்கு 75 கிலோ மிச்சம். பிரித்தானியாவில் ‘லைட்டாக்’ என்ற பெயரில் இது பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது.

ஆனால் நமக்கு லொறியில் வருவது அந்தச் சுட்ட சல்லி அல்ல. நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தில் உலையின் அடியில் தங்கும் பொட்டம் ஆஷ். ஒரு பிடி எடுத்து வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். குமிழி குமிழியாக வரும். கறுப்புத் துணுக்குகள் சில மேலே மிதக்கும். அவை எரியாமல் மிஞ்சிய கரி. சில மணிகள் விரலால் நசுக்கினாலே உதிரும்.

அந்தக் குமிழி வரும் நுண்துளைகள்தான் பெரிய சிக்கல். காய்ந்த சாம்பல் கலவைத் தண்ணீரை உறிஞ்சிவிடும். கலவை இறுகுகிறதே என்று மேசன் இன்னும் தண்ணீர் விடுவார், பலம் போய்விடும். முதல் நாளே நனைத்து, வடியவிட்டுத்தான் கலக்க வேண்டும். அதோடு இப்படிப்பட்ட சிலாப் கூடுதலாகத் தொய்யும்; பொறியியலாளர் தனியாகக் கணக்குப் போடாமல் முடியாது. நம் ஊர் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும் பயம் வேறு.

அறைச்சுவர்ப் புளொக் கல்லில் கம்பி இல்லை, அந்தப் பயமும் இல்லை. சாம்பல் மணலின் இடத்தையும் பிடிக்கும். மூதூர், கிண்ணியாப் பக்கம் மகாவலி மணலை அள்ளிக்கொண்டே இருக்கிறோம், அதில் கொஞ்சமாவது குறைந்தால் எனக்குப் பெரிய சந்தோஷம். (அரிசி ஆலை உமிச்சாம்பல் சல்லியாகாது, சரியாக எரித்து அரைத்தால் சீமெந்தில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் போடலாம்.)

வாங்குமுன் எரியாத கரி, சல்பேட் இரண்டுக்கும் பரிசோதனை அறிக்கை கேளுங்கள். விலையைக் கியூப் கணக்கில், அதாவது கன அளவில் பேசுங்கள். தொன் கணக்கென்றால் சாம்பல் குடித்த தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள்.