கைத்துப்பாக்கி மேகசினில் கடைசி இரண்டு மூன்று தோட்டாக்களை எப்படித்தான் உள்ளே தள்ளுவது?

கேள்வி கேட்டவர் டெக்சாஸில் இருக்கிறார். புதிதாக க்ளாக் 17 கைத்துப்பாக்கி வாங்கியிருக்கிறார். 17 தோட்டா பிடிக்கும் மேகசினில் (தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் பெட்டி) 13, 14-க்கு மேல் கட்டைவிரலால் அழுத்த முடியவில்லை, நுனி சிவந்து வீங்கிவிடுகிறது என்கிறார். மேகசின் கோளாறா, தன் விரலில்தான் தெம்பு இல்லையா, தோட்டா போட உதவும் லோடர் கருவி வாங்குவது தண்டச் செலவா என்பது அவர் சந்தேகம். நானும் இதே மாநிலத்தில் இருந்துகொண்டு வார இறுதியில் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போகிறவன்தான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேகசினிலும் கோளாறில்லை, விரலிலும் கோளாறில்லை. புது மேகசின் எல்லோரையும் அப்படித்தான் படுத்தும்.

உள்ளே நடப்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. க்ளாக் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நேராக நிற்பதில்லை. இடம் வலம் என்று மாறி மாறி இரட்டை வரிசையாக அமைந்து, வாய்க்கு அருகே வரும்போது ஒற்றை வரிசையாகக் குறுகுகின்றன. நீங்கள் மேலே வைக்கிற ஒவ்வொரு தோட்டாவும் கீழே உள்ள அத்தனையையும் ஒரு படி இறக்கியாக வேண்டும். அந்தக் குறுகலில் இருப்பது பக்கவாட்டில் நகர்ந்து வழிவிடவும் வேண்டும். கூட்டமான டவுன் பஸ்ஸில் கடைசியாக ஏறுகிறவர் படிக்கட்டில் நின்று முன்னால் இருப்பவரை மட்டும் தள்ளிப் பயனில்லை. உள்ளே மொத்தக் கூட்டமும் நகர வேண்டும், அதே கதைதான். இதற்கு மேல், அடியில் இருக்கும் ஸ்பிரிங் அமுங்க அமுங்க அதன் எதிர்ப்பும் கூடிக்கொண்டே போகும். முதல் ஐந்து வெண்ணெய் மாதிரி இறங்கியதை நம்பி, கடைசி மூன்றும் அப்படியே இறங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இந்த அமைப்பு இன்று நேற்று வந்ததல்ல. பெல்ஜியத்தின் எஃப்என் துப்பாக்கி ஆலையில் வேலை பார்த்த டியூடோனே செவ் என்பவர் வடிவமைத்த மேகசின்தான் 1935-இல் வந்த பிரவுனிங் ஹை-பவருக்கு 13 தோட்டா கொடுத்தது. அதற்கு முந்தைய பிரபலத் துப்பாக்கிகளில் கோல்ட் 1911-க்கு ஏழு, ஜெர்மன் லூகருக்கு எட்டு, அவ்வளவுதான். நம் நாட்டு ராணுவமும் போலீசும் வைத்திருந்த 9 மி.மீ. 1ஏ பிஸ்டலும் இந்த ஹை-பவர் வம்சம்தான், அதே 13.

லூகரைச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. எட்டே தோட்டா, அதுவும் ஒற்றை வரிசை. ஆனால் ஸ்பிரிங் அவ்வளவு முரட்டுத்தனமானது. மேகசின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கும். ஒரு சின்னத் தகட்டுக் கருவியின் ஓட்டையை அதில் மாட்டிக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு தோட்டாவைப் போடுவார்கள். அந்தக் கருவியை வைப்பதற்கென்றே தோல் உறையில் தனிப் பை தைத்திருந்தார்கள். அதனால் "லோடர் எல்லாம் தெம்பில்லாதவர்களுக்கு" என்று ரேஞ்சில் யாராவது கிண்டலடித்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

சரி, வெறுங்கையால் போடுவது எப்படி? பெரும்பாலானோர் செய்வது இதுதான்: மேகசினை அந்தரத்தில் பிடித்து, மேலே இருக்கும் தோட்டாவைக் கட்டைவிரல் நுனியால் அழுத்தி, அந்த இடுக்கில் அடுத்ததைச் செருகப் பார்ப்பார்கள். பத்து வரைக்கும் ஓடும். அப்புறம் வலிதான் மிச்சம்.

மேகசினின் அடிப்பாகத்தை மேசைமேல் ஊன்றிக்கொள்ளுங்கள், கீழே ஒரு ரப்பர் விரிப்போ மடித்த துணியோ இருக்கட்டும். உட்கார வேண்டாம், நின்றுகொண்டே செய்யுங்கள். கையின் பலத்தோடு உடம்பின் எடையும் சேரும். இடது கையால் பிடிக்கும்போது மேகசினின் முதுகு உள்ளங்கையில் பதிந்திருக்க வேண்டும், தோட்டாக்களின் மூக்கு உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். வலது கையில் எடுத்த தோட்டாவின் அடித்தட்டை, ஏற்கெனவே மேலே இருக்கும் தோட்டாவின் முன்பாதியில் வையுங்கள். நேராகக் கீழே அழுத்துங்கள். அழுத்துவது பித்தளை, உங்கள் விரல் சதை அல்ல. கொஞ்சம் இறங்கியதும் அப்படியே பின்னால் வழுக்கி, மேகசின் வாயின் இரண்டு உதடுகளுக்கும் (உள்பக்கம் வளைந்த விளிம்புகள்) அடியில் தள்ளுங்கள். இடது கட்டைவிரலின் வேலை, உள்ளே வரும் தோட்டாவின் பின்பக்கத்தை லேசாக அமுக்கி வழிகாட்டுவது மட்டும்தான். கீழே அழுத்துவதும் பின்னால் தள்ளுவதும் இரண்டு தனித்தனி அசைவுகள். இரண்டையும் ஒரே சாய்வான தள்ளலாகச் செய்தால் தோட்டா உதட்டில் முட்டிக்கொண்டு நிற்கும்.

பத்து போட்டதும் ஒரு நிறுத்தம். மேகசினின் முதுகை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டுங்கள். முன்னால் நழுவியிருக்கும் தோட்டாக்கள் பின்சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும். மூக்கு முன்சுவரில் உரசிக்கொண்டு கோணலாக நிற்கும் அடுக்கு சீராக இறங்காது. 13-இலேயே அடம்பிடித்த மேகசின் பல நேரம் இந்தத் தட்டலுக்குப் பிறகு இன்னும் ஒன்றிரண்டுக்கு இடம் கொடுத்துவிடும். க்ளாக் மேகசினின் பின்புறம் எண் போட்ட சின்ன ஓட்டைகள் இருக்கும். 17-ஆம் ஓட்டையில் பித்தளை மினுங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம், மனதுக்குள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

புது மேகசினுக்கு இன்னொரு வழியும் உண்டு. முடிந்தவரை நிரப்பி, பத்திரமான பெட்டியில் பூட்டி, சில நாள் அப்படியே விட்டுவிடுங்கள். புது ஸ்பிரிங் ஒரு முறை நன்றாக அமுங்கிப் படிந்த பிறகு கொஞ்சம் இளகும். "அப்படி வைத்தால் ஸ்பிரிங் செத்துவிடாதா?" என்று அடுத்த கேள்வி வரும். நல்ல ஸ்பிரிங்கைத் தேய்ப்பது முக்கியமாகத் திரும்பத் திரும்ப அமுங்கி விரிவதுதான். சும்மா அமுங்கிக் கிடப்பதால் பெரிய பாதிப்பில்லை. ஆனால் கட்டைவிரல் வலிக்கு மருந்தாக ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடுவது, மேகசின் உள்ளே எண்ணெயைக் கொட்டுவது போன்ற யோசனைகளை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எண்ணெயில் கரியும் தூசும் ஒட்டி நாளடைவில் உள்ளே குழம்பாகிவிடும்.

இனி கருவிகள். உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது: க்ளாக் பெட்டிக்குள் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் துண்டு கிடக்கும். பாதிப் பேர் அது எதற்கென்றே பார்க்காமல் பெட்டியோடு அலமாரியில் போட்டுவிடுவார்கள். அதை மேகசின் வாயில் தொப்பி போல மாட்டி, கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே இருக்கும் சின்ன நாக்கு மேல் தோட்டாவை இறக்கும். இடைவெளியில் அடுத்ததைச் செருகிவிட்டு அழுத்தத்தை விடுங்கள். வலி ஒரு நுனியில் சேராமல் விரல் முழுக்கப் பரவுகிறது, அவ்வளவுதான் ஆதாயம். மாதம் ஒரு முறை ஒரு பெட்டி சுடுகிறவருக்கு இதுவே போதும்.

அதற்கு மேல் சுடுவீர்கள் என்றால் யோசிக்காமல் அப்லூலா என்ற லோடரை வாங்குங்கள். இஸ்ரேலின் மேக்லூலா நிறுவனம் செய்வது. 9 மி.மீ. தோட்டாவிலிருந்து .45 அங்குலம் வரை ஒற்றை வரிசை, இரட்டை வரிசை இரண்டுக்கும் பொருந்தும். நான் பார்த்த கடைகளில் 30 முதல் 40 டாலருக்குள் இருக்கும். முதன்முதலில் பிடிக்கிற நிறையப் பேர் "இது வேலை செய்யவில்லை" என்பார்கள். வரிசை தப்பியிருக்கும். கைப்பிடியை இறுக்குங்கள், உள்ளே இருக்கும் அலகு நீளும். இறுக்கியபடியே மேகசின்மேல் வைத்துக் கீழே அமுக்குங்கள். திறந்த இடத்தில் தோட்டாவைப் போடுங்கள். பிடியைத் தளர்த்துங்கள், அலகு பின்வாங்கும். பிறகு லோடரை மேலே தூக்குங்கள். தளர்த்துவதற்கு முன்பே தூக்கினால் போட்ட தோட்டா உள்ளே சரியாக உட்காராது. கை பழகிவிட்டால் பேசிக்கொண்டே மூன்று மேகசினை நிரப்பலாம். அழுத்துவது முழுக்க உள்ளங்கை. கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. மூட்டுவலி இருப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். துப்பாக்கியே இன்னும் வாங்காதவர், கையில் தெம்பு குறைவு என்றால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்ட் ஈஸி ரகத்தைப் பார்க்கலாம். மேகசின் பக்கவாட்டிலேயே இழுத்துப் பிடிக்கப் பொத்தான் உண்டு, 9 மி.மீ. மாடலில் கொள்ளளவு எட்டு.

சின்ன .22 அங்குலத் தோட்டாவுக்கான பல மேகசின்களிலும் அதே மாதிரிப் பொத்தான் இருக்கும். அங்கே ஒரே எச்சரிக்கை, பொத்தானை ஒரேயடியாக அடிவரை இழுத்துவிட்டுத் தோட்டாக்களைக் கொட்டாதீர்கள். தோட்டாக்களின் அடி விளிம்புகள் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு நடுவில் சிக்கும். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். தட்டில் தோட்டாக்களை வரிசையாக அடுக்கி நெம்புகோலால் ஒரேயடியாகத் தள்ளும் பெரிய லோடர்களும் கிடைக்கின்றன. போட்டிக்காரர்களுக்குச் சரி, மற்றவர்களுக்குப் பையில் இடத்தை அடைக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்று கேட்கிறேன்: 17-ம் போட்டே ஆகவேண்டுமா? மேகசின் நிரம்பி வழிய, ஸ்லைடு (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) மூடியிருக்கும் நிலையில் செருகிப் பாருங்கள். மேல் தோட்டா ஸ்லைடின் அடிப்பக்கத்தில் முட்டும், கீழே இறங்க இடமிருக்காது, மேகசின் க்ளிக் என்று மாட்டாமல் பாதியில் நிற்கும். மாட்டியது போலத் தோன்றி, முதல் வெடிக்குப் பிறகு கீழே விழுவதும் உண்டு. நிரப்பி முடித்ததும் மேல் தோட்டாவை அழுத்திப் பாருங்கள். துளியாவது இறங்கினால் சரி. கல் மாதிரி நின்றால் ஒன்றை எடுத்துவிட்டு 16-ஓடு விடுங்கள். ஸ்லைடைத் திறந்து வைத்துச் செருகினால் இந்தத் தொல்லை இல்லை. விளையாட்டிலும் பல இடங்களில் முழுக்க நிரப்புவதே கிடையாது. ஒலிம்பிக்கின் 25 மீட்டர் போட்டிகளில் ஒரு சுற்றுக்கு ஐந்துதான். ஐபிஎஸ்சி என்ற சர்வதேசத் துப்பாக்கி சுடும் போட்டி அமைப்பின் புரொடக்‌ஷன் பிரிவில் 15-க்கு மேல் போட்டுக்கொண்டு தொடங்கக்கூடாது. கடையில் விற்கும் பெட்டியில் 50 தோட்டா என்பதால் 17, 17, 16 என்று மூன்று மேகசினுக்கு எப்படியும் ஒன்று குறையும். அந்தக் குறையைப் புது மேகசினுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கைகழுவல் பற்றிப் பலர் பேசுவதில்லை. பயன்படுத்திய மேகசினின் உள்ளும் வெளியும் படிந்திருக்கும் கரியில் ஈயம் உண்டு. பெரும்பாலான தோட்டாக்களின் பற்றவைப்பானில் ஈயக் கலவை இருக்கிறது. நிரப்பும்போது அது விரலில் அப்பும். இடையில் சிப்ஸ் கொறிப்பது, முகத்தைத் துடைப்பது வேண்டாம். முடிந்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தைகளைத் தூக்குவது அப்புறம்.

இங்கே எச்-1பி விசாவில் இருக்கும் நம் ஆட்கள் இதைப் படித்துவிட்டு "நானும் வருகிறேன்" என்று கிளம்புவதற்கு முன் ஒரு வார்த்தை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி அந்த வகை விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. நண்பருக்கு உதவியாக மேகசின் நிரப்பிக் கொடுப்பதுகூடத் தோட்டாவைக் கையில் வைத்திருப்பதுதான். கிரீன் கார்டு இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

மாநிலம் மாறினால் மேகசினின் கொள்ளளவே சட்டப் பிரச்சினை. கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் 10, கொலராடோவில் 15 என்று உச்சவரம்பு இருக்கிறது. சான் ஹோசேயில் இருக்கும் மச்சான் வீட்டுக்குக் காரில் போகிறீர்கள் என்றால், அந்த 17 தோட்டா மேகசின்களை டெக்சாஸிலேயே பூட்டிவைத்துவிட்டுப் போங்கள்.